புதுப்பிப்பு: சூடானால் ஸ்டார்ட் ஆகாத என் பழைய பிக்கப்

காலையில் உடனே ஸ்டார்ட் ஆகும் என் பெட்ரோல் பிக்கப், ஓட்டி நிறுத்தி 20 நிமிடம் கழித்தால் எஞ்சின் பிடிக்காமல் வெறுமனே சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று எழுதியிருந்தேன். பலரும் ஃப்யூயல் பம்ப் என்றீர்கள். பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் கேஜ் மாட்டிப் பார்த்தேன். பிரஷர் இறங்கவே இல்லை, அதனால் பம்ப் காரணமில்லை.

சரி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துச் சாவியைத் திருப்பினேன். உடனே பிடித்துக்கொண்டது! அப்படி மிதித்தால் இந்த வண்டியில் எஞ்சினுக்குள் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். அப்படியென்றால் உள்ளே பெட்ரோல் அதிகம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் முனை கரி பிடித்து, ஈரமாக, பெட்ரோல் வாடையோடு இருந்தது.

அப்புறம், எஞ்சின் சூட்டை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கூலன்ட் சென்சாரின் மின்தடையை அளந்தேன். சூட்டில் சுமார் 300 ஓம் காட்ட வேண்டியது, 2,300 காட்டியது. அவ்வளவு ஓம் இருந்ததால், எஞ்சின் குளிர்ந்திருப்பதாக நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கொட்டியிருக்கிறது.

சென்சார் மாற்றி 2 வாரம் ஆகிறது. சூட்டிலும் ஒரே திருப்பில் ஸ்டார்ட். பம்ப் வாங்குமுன் அளக்கச் சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி.