புதுப்பிப்பு: டர்போ ஃபோர் ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல் வாங்கியாச்சு

என் 800 சிசி டூ ஸ்ட்ரோக் ஸ்னோமொபைலை (பனிமேல் ஓட்டும் வண்டி) விற்றுவிட்டு, டர்போ வைத்த ஃபோர் ஸ்ட்ரோக் மலை வண்டிக்கு மாறலாமா என்று பனி விழுமுன் இங்கே கேட்டிருந்தேன். எடை கொன்றுவிடும் என்றார்கள் பாதிப்பேர். சரி, வாங்கிவிட்டேன், 998 சிசி, மூன்று சிலிண்டர்.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள டோக்வோட்டி கணவாய் 2,900 மீட்டருக்கு மேலே. அங்கே காற்று மெலிந்து, டர்போ இல்லாத எஞ்சின் ஏறக்குறைய கால்பங்கு சக்தியை இழக்கும். பழைய வண்டி மூச்சு வாங்கும். இதில் டர்போ காற்றை அழுத்தித் திணிப்பதால், கீழே இருந்த இழுவை மேலேயும் இருக்கிறது. பெட்ரோலோடு ஆயிலை எரிப்பதில்லை என்பதால் ஜாக்கெட்டில் புகை நாற்றமும் இல்லை. (வீட்டில் இதற்குத்தான் பாராட்டு.)

ஆனால் எடை விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி. மூக்குப் பக்கம் கனம். சரிவில் குறுக்கே போகும்போது சாய்த்துப் பிடிக்க முழு உடம்பும் வேண்டியிருக்கிறது. மரங்களுக்கு நடுவே கட்டைவிரலால் திராட்டிலை (ஆக்சிலரேட்டரை) அழுத்தினால், டர்போ விழித்துக்கொள்வதற்குள் மரம் கிட்டே வந்துவிடுகிறது. போன சனிக்கிழமை ஒரு பள்ளத்தில் புதைந்து, இரண்டு பேர் முக்கால் மணி நேரம் தோண்டினோம். பழையதென்றால் தனியாளாகவே இழுத்திருப்பேன்.

அடுத்து கிளட்ச் எடைகளை (எஞ்சின் சக்தி எப்படிக் கடத்தப்படுகிறது என்பதை மாற்றும், கிளட்சுக்குள் இருக்கும் சிறு எடைகள்) மாற்றிப் பார்க்கப் போகிறேன். அப்புறம், பழையதை இன்னும் விற்கவில்லை.