மோனான் மணிக்காக ஒரு சனிக்கிழமை

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு என்றாலே பெரிய பல்கலைக்கழக ஆட்டங்களைப் பற்றித்தான் நிறையப் பேர் எழுதுகிறார்கள். நான் பார்த்தது வேறு மாதிரி. இந்தியானா மாநிலத்தில், சோளக்காடுகளுக்கு நடுவே உள்ள இரண்டு சின்னக் கல்லூரிகள் ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால். கிராஃபர்ட்ஸ்வில்லில் இருக்கும் வாபாஷ் கல்லூரியும் கிரீன்காஸ்டிலில் இருக்கும் டிபா பல்கலைக்கழகமும் 1890-லிருந்து மோதி வருகின்றன. இரண்டு ஊருக்கும் இடையே ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. பக்கத்து ஊர்ப் பகை என்றால் கேட்கவா வேண்டும்!

ஜெயிக்கும் அணிக்குக் கிடைப்பது ஒரு ரயில் எஞ்சின் மணி. இரண்டு ஊர்களையும் தொட்டு ஓடிய மோனான் ரயில்வே கொடுத்தது, எடை சுமார் 135 கிலோ. 1932-லிருந்து இதுதான் பரிசு. அடுத்த ஆட்டம் வரை ஜெயித்தவர்கள் வளாகத்திலேயே இருக்கும்.

என்னை அழைத்துப்போனது கூட வேலை பார்த்த வாபாஷ் பழைய மாணவர். அது இன்றைக்கும் ஆண்கள் மட்டும் படிக்கும் கல்லூரி, மொத்தம் ஆயிரம் பேர்கூட இல்லை. ஆனால் அன்று மைதானத்தில் தாத்தா, அப்பா, பேரன் என்று குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெரியவர். இளம் வயதில் இதே அணிக்கு ஆடியவராம். எனக்கு ஆட்டம் புதிது என்று தெரிந்ததும் ஒவ்வொரு நகர்வையும் பொறுமையாக விளக்கினார்.

“ஆடுகிறவர்களுக்குக் கல்லூரி எவ்வளவு உதவித்தொகை தரும்?” என்று கேட்டேன்.

“விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூடக் கிடையாது, தம்பி” என்ற மாதிரி தோளில் தட்டிச் சொன்னார். இவை, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் NCAA அமைப்பின் மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள். அந்தப் பிரிவில் விளையாட்டு உதவித்தொகைக்கு விதியே இடம் தராது. மற்றவர்களைப் போலத்தான் படிக்க வேண்டும், பரீட்சை எழுத வேண்டும், லேப் முடித்துவிட்டுப் பயிற்சிக்கு ஓட வேண்டும். கடைசி வருட மாணவர்களில் பெரும்பாலோருக்கு இதற்குப் பிறகு ஃபுட்பாலே கிடையாது. இதைக் கேட்ட பிறகு, கீழே விழுந்து எழுந்த ஒவ்வொரு பையனையும் நான் பார்த்த விதமே மாறிவிட்டது. கல்லூரி விளையாட்டு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

மணியைத் திருடுவதும் இந்த மரபில் ஒரு பகுதிதான். 1965-ல் வாபாஷ் மாணவர் ஒருவர் மெக்சிகோவிலிருந்து வந்த ஆள் போல வேஷம் போட்டு, டிபாவுக்கு மாணவர்களை அனுப்பப்போவதாகப் பேசி, மணியை ஒளித்து வைத்திருந்த இடத்தை அவர்களையே காட்ட வைத்தார். அப்புறம் இரவோடு இரவாக மணி போயே போச்சு! பெரியவர் இதைச் சொல்லும்போது முகத்தில் அவ்வளவு பெருமை.

அன்று வாபாஷ் ஜெயித்தது. கடைசி விசில் ஊதியதும் பையன்கள் மணியை நோக்கி ஓடிய ஓட்டம் இருக்கிறதே, ஆட்டத்தில்கூட அப்படி ஓடவில்லை. அவர்கள் மணியை அடித்த அடியில் எங்களுக்குப் பேச்சே கேட்கவில்லை.

இண்டியானாபொலிஸ் பக்கம் இருப்பவர்கள் ஒரு தடவை போய்ப் பாருங்கள், காரில் ஒரு மணி நேரம்தான். ஆட்டம் வழக்கமாக நவம்பர் நடுவில் வரும். ஒரு வருடம் கிராஃபர்ட்ஸ்வில்லில், மறு வருடம் கிரீன்காஸ்டிலில். டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். குளிருக்கு நல்ல ஜாக்கெட்டும் கையுறையும் கட்டாயம் வேண்டும்.