முப்பது பேர் தைத்த பிளாக்குகள், ஒரே குயில்ட்: அனுபவப் பகிர்வு

வெட்டுத்துண்டு:

குழுவாகச் சேர்ந்து குயில்ட் (துண்டுத்துணிகளை இணைத்துச் செய்யும் மூன்றடுக்குப் போர்வை) செய்தவர்கள் இங்கே எழுதுங்கள். ஆளுக்கு ஒரு பிளாக், அதாவது துண்டுகளால் ஆன ஒரு சதுரம், தைத்து அனுப்புவார்கள். ஒருவர் அவற்றை இணைத்து, நடுவே பேட்டிங் என்ற பஞ்சு அடுக்கும் கீழே அடித்துணியும் வைத்து, மூன்றும் சேரக் குயில்ட்டிங் தையல் போட்டு, ஓரத்தில் பைண்டிங் பட்டை கட்டி முடிப்பார். அந்த வேலையைப் பற்றித்தான். "ரொம்ப அழகாக வந்தது" என்பது அடுத்தவருக்கு உதவாது. எங்கே அளவு பிசகும், ஏன் பிசகும், எதைச் செய்தால் சரியாகும் என்று இஞ்ச் கணக்கோடு எழுதுங்கள். எல்லோரும் ஒரே குயில்ட்டைக் கணக்கில் வைப்போம்: முடிந்த அளவில் 12 இஞ்ச் பிளாக், குறுக்கே 5, நெடுக்கே 6, மொத்தம் 30. முடிந்த குயில்ட் 60க்கு 72 இஞ்ச்.

கால்இஞ்ச்:

பிளாக்குகள் வந்ததும் இணைக்க உட்காராதீர்கள். முதலில் முப்பதையும் அளந்து, அளவைச் சின்னச் சீட்டில் எழுதிக் குத்தி வையுங்கள். சுற்றிலும் தையல் ஓரத்தோடு (தையலுக்கு வெளியே விடும் கால் இஞ்ச் துணி) ஒவ்வொன்றும் 12½ இஞ்ச் இருக்க வேண்டும். கையில் வருவதோ 11⅝ முதல் 12¾ வரை எல்லாமாகவும் இருக்கும். தைத்தவர்களின் அக்கறையில் குறை இல்லை. எல்லோருமே "கால் இஞ்ச் ஓரம்" என்றுதான் தைத்திருப்பார்கள். ஒவ்வொரு மெஷினின் கால் இஞ்ச்சும் வேறு வேறு, அவ்வளவுதான்.

குறுக்கே 8 துண்டு உள்ள பிளாக்கில் 7 தையல் வரும். ஓரம் 1/16 இஞ்ச் மட்டும் கூடினாலும், தையலின் இரு பக்கத் துணியிலும் சேர்த்து ⅛ இஞ்ச் போய்விடும். 7 தையலுக்கு ⅞ இஞ்ச். 12½ வர வேண்டிய பிளாக் 11⅝-ல் வந்து நிற்பது இப்படித்தான். 2 துண்டு மட்டும் உள்ள பிளாக் அதே மெஷினில் ⅛ இஞ்ச்தான் குறையும். ஆகவே துண்டுகள் அதிகமுள்ள டிசைனைக் குழுவுக்குக் கொடுக்கும்முன் யோசியுங்கள்.

இதோடு மடிப்பும் உண்டு. தைத்த துணி தையலின் மேல் புரளும்போது ஓரிரு இழை அகலத்தை அந்தப் புரளலே தின்றுவிடும். அதனால் தையல் சரியாகக் கால் இஞ்ச்சில் விழுந்தால் பிளாக் குறையும். விளிம்பை நோக்கி ஓரிரு இழை தள்ளி விழ வேண்டும். சோதிக்க, 1½ இஞ்ச் அகலத்தில் 3 பட்டை வெட்டி, பக்கவாட்டில் தைத்து, இஸ்திரி போட்டு அளங்கள். மொத்தம் 3½ இஞ்ச் வர வேண்டும், நடுப்பட்டை மட்டும் சரியாக 1 இஞ்ச். குறைந்தால் ஓரம் பெரிது, ஊசியை ஒரு புள்ளி வலப்பக்கம் நகர்த்துங்கள். கூடினால் இடப்பக்கம். ஒருவரும் துணியில் கத்தரி வைக்கும் முன் இந்த மூன்று பட்டையைத் தைத்து, ஸ்கேலோடு படம் எடுத்து அனுப்பச் சொன்னால் பின்னால் வரும் சிக்கலில் பெரும்பகுதி வராது.

பாபின்பெட்டி:

கால்இஞ்ச் அக்கா சொன்ன சோதனையைக் கட்டாயமாக்குங்கள். ஆனால் பிளாக்குகள் ஏற்கனவே வந்துவிட்டன என்றால்?

வித்தியாசம் ⅛ இஞ்ச்சுக்குள் இருந்தால் பெரிய பிளாக்கை அடியில், துணியை நகர்த்தும் மெஷின் பல்லின் பக்கம் வைத்து, இரண்டு முனையிலும் நடுவிலும் ஊசி குத்தித் தையுங்கள். பல் அடியில் இருக்கும் பிளாக்கைக் கொஞ்சம் கூடுதலாக உள்ளே இழுக்கும், அந்த ⅛ அதிலேயே மறைந்துவிடும். மேலே வைத்தால் அதே ⅛ கடைசியில் சுருக்கமாக வந்து நிற்கும்.

அதற்கு மேல் என்றால் சட்டம் போடுவதே நல்லது. சின்னது பெரியது பார்க்காமல் முப்பதுக்கும் ஒரே துணியில் 2 இஞ்ச் பட்டை வெட்டி நான்கு பக்கமும் தையுங்கள். 11⅝ பிளாக் 14⅝ ஆகும், 12¾ பிளாக் 15¾ ஆகும். இப்போது எல்லாவற்றையும் 14½-க்கு வெட்டுங்கள். பிளாக்கின் நடுப்புள்ளியை ஸ்கேலின் 7¼ கோட்டில் வைத்து வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் சட்டம் ஒரு பக்கம் தடித்துவிடும். முடிந்தபின் சின்னப் பிளாக்கைச் சுற்றி கிட்டத்தட்ட 1½ இஞ்ச் சட்டமும் பெரியதைச் சுற்றி ⅞ இஞ்ச் சட்டமும் தெரியும். எல்லாம் ஒரே துணியாக இருப்பதால் கண் அதைப் பிடிக்காது. குயில்ட் 70க்கு 84 ஆகிவிடும். பேட்டிங்கையும் அடித்துணியையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

செய்யவே கூடாதது: பெரிய பிளாக்கை ஓரம் சீவி 12½ ஆக்குவது. பிளாக்கில் நட்சத்திர டிசைன் இருந்தால் அதன் முனைக்கும் வெளி விளிம்புக்கும் நடுவே கால் இஞ்ச் துணி வேண்டும். அதைச் சீவினால் இணைத்தபின் முனை மழுங்கிப் போகும். தைத்தவர் அந்த முனைக்காகத்தான் அவ்வளவு நேரம் செலவழித்திருப்பார்.

முக்கோணம் உள்ள பிளாக்குக்கு ஒரு வார்த்தை. இரண்டு சதுரத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மூலைவிட்டத்தின் இருபுறமும் தைத்து நடுவே வெட்டி, இரண்டு முக்கோணம் சேர்ந்த சதுரங்களாக எடுக்கும்போது, கணக்குப்படி முடிந்த அளவோடு ⅞ இஞ்ச் கூட்டி வெட்ட வேண்டும். குழு வேலைக்கு 1 இஞ்ச் கூட்டுங்கள். முடிந்த அளவு 3 என்றால் 4 இஞ்ச் சதுரம் வெட்டி, தைத்தபின் 3½-க்குச் சீவிக்கொள்ளலாம். சாய்ந்த பக்கம் கிராஸ் துணி (இழைக்குச் சாய்வாக வெட்டியது), தொட்டாலே நீளும். இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் வைத்து எடுங்கள். வெட்டும் முன்பே துணிக்குக் கஞ்சி போட்டால் நீளுவது பாதியாகக் குறையும்.

நூல்கண்டு:

அளவு பிசகினால் பிரித்துத் தைக்கலாம். சாயம் இறங்கினால்? முப்பது பேரின் துணி என்றால் முப்பது விதச் சாயம். ஒருவர் துவைத்து அனுப்பியிருப்பார், ஒருவர் கடையிலிருந்து வந்த மடிப்போடு தைத்திருப்பார். அடர் சிவப்பு, நீலம், ஊதா, இந்த மூன்றையும் சந்தேகத்தோடு பாருங்கள். வெள்ளைப் பருத்தித் துண்டை வெந்நீரில் நனைத்து, பிளாக்கின் பின்புறத் தையல் ஓரத்தில் ஒரு நிமிடம் அழுத்தி எடுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தப் பிளாக்கைத் தனியே வைத்துவிட்டு, தைத்தவரிடம் அதே துணி மிச்சம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

முடிந்த குயில்ட்டைத் துவைத்த பிறகுதான் சிவப்பு இறங்கியது தெரிகிறது என்றால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: காயவிடாதீர்கள். டிரையரில் போட்டால் கறை நிலைத்துவிடும். ஈரமாகவே பெரிய தொட்டியில் வெந்நீர் நிரப்பி, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் தாராளமாக விட்டு, முழுவதும் மூழ்கும்படி சுமார் 12 மணி நேரம் ஊறவிடுங்கள். தண்ணீர் நிறம் மாறினால் கொட்டிவிட்டு மறுபடி. தெளிந்த தண்ணீர் வரும்வரை இரண்டு மூன்று தடவைகூட ஆகலாம். குளிர்ந்த நீர் பாதுகாப்பு என்று நினைத்து அதில் அலசுவது பலர் செய்வது. ஒட்டாமல் நிற்கும் சாயத்தை வெளியே இழுப்பது சூடும் சோப்பும்தான்.

அடுத்தது பேனா. குறி போடும் பேனாவில் இரண்டு வகை, இரண்டின் குணமும் நேர் எதிர். தண்ணீரில் மறையும் நீலப் பேனாவின் மேல் இஸ்திரி வைத்தால் கோடு நிரந்தரமாகிவிடும். சூட்டில் மறையும் பேனாக் கோடு இஸ்திரியில் மறையும், ஆனால் கடும் குளிரில் திரும்பி வரும். அடர்நிறத் துணியில் வெளிர்த் தடமும் விடலாம். ஒரே குழுவில் ஒருவர் அதையும் மற்றவர் இதையும் வைத்துக் குறித்து அனுப்பினால், இணைப்பவர் தெரியாமல் இஸ்திரி வைத்த நொடியில் பிளாக் போயிற்று. எந்தப் பேனா என்று சீட்டில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

ஒட்டுப்போர்வை:

பிளாக்குகள் எல்லாம் சேர்ந்து மேல்துணி ஆனபின் வருவதை எழுதுகிறேன்.

மேல்துணியைச் சுற்றிப் பார்டர் பட்டை வைத்தால் அது அலை அலையாக நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம்: நீளப் பட்டையை வைத்துத் தைத்துக்கொண்டே போய்க் கடைசியில் மிச்சத்தை வெட்டுவது. மேல்துணியை இரு ஓரங்களிலும் நடுவிலுமாக மூன்று இடத்தில் அளந்து, சராசரியை எடுத்து, இரண்டு பட்டையையும் அதே நீளத்துக்கு முன்பே வெட்டுங்கள். நடு, கால், முக்கால் என்று ஊசி குத்தி, மேல்துணியை அந்த அளவுக்குள் அடக்கித் தையுங்கள்.

அடித்துணி சுற்றிலும் 4 இஞ்ச் பெரிதாக, அதாவது 68க்கு 80. கரை நீக்கினால் துணி அகலம் சுமார் 40 இஞ்ச்தான் கிடைக்கும், இரண்டு துண்டு இணைத்தே ஆக வேண்டும். நெடுக்காக இணைத்தால் 80 இஞ்ச் நீளத்தில் இரண்டு, 160 இஞ்ச் துணி. குறுக்காக இணைத்தால் 68 இஞ்ச்சில் இரண்டு, 136 இஞ்ச் போதும். அரை இஞ்ச் ஓரம் போக 79 இஞ்ச் நீளம் நிற்கும், மேலும் கீழும் 3½ மிச்சம். வீட்டு மெஷினுக்குத் தாராளம். கரையை மட்டும் விட்டுவைக்காதீர்கள். நெசவு அங்கே இறுக்கம், துவைத்தபின் அந்தக் கோடு மட்டும் இழுத்துச் சுருங்கும்.

பேட்டிங் உறையில் எத்தனை இஞ்ச்சுக்கு ஒரு தையல் வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். நம் குயில்ட்டில் பிளாக் இணைப்பின் மேல் மட்டும் தையல் போட்டால் இடைவெளி 12 இஞ்ச். 8 இஞ்ச் வரை தாங்கும் பேட்டிங் அதில் நகர்ந்து திரண்டுவிடும். பிளாக்கின் நடுவே குறுக்கும் நெடுக்கும் ஒரு கோடு போட்டால் இடைவெளி 6 ஆகிவிடும். பருத்திப் பேட்டிங் முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கலாம். 72 இஞ்ச்சில் அது 2 இஞ்ச்சுக்கு மேல். பெறுபவரிடம் அளவு சொல்லும்போது அதையும் கழித்துச் சொல்லுங்கள்.

மூன்று அடுக்கையும் நிறுத்த 4 இஞ்ச்சுக்கு ஒரு சேஃப்டி பின் என்றால் குறுக்கே 15, நெடுக்கே 18, மொத்தம் 270 பின். பாதி போட்டு ஆரம்பித்தால் அடியில் மடிப்பு விழுவது உறுதி. அடித்துணியைத் தரையில் டேப் போட்டு ஒட்டும்போது சுருக்கம் போகும் அளவுக்கு இழுத்தால் போதும். முறுக்கி இழுத்தால் டேப்பை எடுத்ததும் அது சுருங்கி மேல்துணியைச் சுருட்டும்.

நேர்க்கோட்டுக்கு வாக்கிங் ஃபூட் (மேலிருந்தும் துணியை நகர்த்தும் மெஷின் பாதம்), 90/14 ஊசி, தையல் நீளம் 2.5 முதல் 3 மில்லிமீட்டர். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போங்கள். இணைப்புக் குழியில், அதாவது இரண்டு பிளாக் சேரும் கோட்டில், தைக்கும்போது எந்தப் பக்கம் ஓரம் மடங்கியிருக்கிறதோ அது மேடு. ஊசி தாழ்ந்த பக்கம் இறங்க வேண்டும். வெவ்வேறு கைகள் வெவ்வேறு பக்கம் மடித்திருந்தால் தையல் நடுவழியில் மேடு ஏறி இறங்கும். அதனால் எந்தப் பக்கம் மடிப்பது என்பதையும் குழுவுக்கு அனுப்பும் முதல் கடிதத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

கால்இஞ்ச்:

பைண்டிங் கணக்கில் பலரும் ஒரு பட்டை குறைவாக வெட்டுகிறார்கள். சுற்றளவு 264, மூலைக்கும் முடிச்சுக்கும் 12 கூட்டினால் 276 இஞ்ச். 40 இஞ்ச் பட்டை 7 என்றால் 280, போதும் போலத் தெரியும். ஆனால் 2½ இஞ்ச் பட்டைகளைச் சாய்வாக இணைக்கும்போது ஒவ்வொரு இணைப்பிலும் சுமார் 2½ இஞ்ச் போகும். 6 இணைப்புக்கு 15. மிஞ்சுவது 265. எட்டுப் பட்டை வெட்டுங்கள், 20 இஞ்ச் துணி. ஓரம் நேராக இருந்தால் கிராஸ் பட்டை தேவையில்லை. மூலையில் விளிம்புக்குக் கால் இஞ்ச் முன்பே நிறுத்தி, ஊசியைத் தூக்கி, பட்டையை மேலே மடித்துப் பிறகு கீழே மடியுங்கள். அந்தக் கால் இஞ்ச் விடாவிட்டால் மூலை கூராக வராது. கடைசியில் இரு முனையும் ஒன்றன்மேல் ஒன்று பட்டையின் அகலம் அளவு, அதாவது 2½ இஞ்ச், ஏறியிருக்கும்படி வெட்டிச் சாய்வாக இணைத்தால் எங்கே முடிந்தது என்று தெரியாது.

வெட்டுத்துண்டு:

இவ்வளவு கறாரான அளவு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இரண்டு குயில்ட்டுகளைக் காட்டலாம். எய்ட்ஸால் இறந்தவர்களின் நினைவாக அமெரிக்காவில் செய்த எய்ட்ஸ் நினைவு குயில்ட்டில் ஒவ்வொரு பேனலும் 3க்கு 6 அடி, எட்டு சேர்ந்தால் 12 அடிச் சதுரம். துணி, நிறம், எழுத்து எல்லாம் செய்பவர் விருப்பம், அளவு மட்டும் பொது. 1987 அக்டோபரில் வாஷிங்டனில் 1,920 பேனல்களை ஒரே திடலில் விரிக்க முடிந்ததும், பின்னால் அது சுமார் 50,000 பேனல்களாக வளர்ந்ததும் அந்த ஒரு விதியின் மேல்தான். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள கீஸ் பெண்ட் ஊர்ப் பெண்களின் குயில்ட்டுகளில் இப்படிக் கட்டம் கிடையாது. பழைய வேலை உடுப்புத் துணிகள் கோணலும் மாணலுமாக நிற்கும், அதுவே அவற்றின் உயிர். அங்கே மேல்துணியைப் பெரும்பாலும் ஒருவரே வெட்டிப் பொருத்திக்கொண்டே போவார். பலர் கூடுவது குயில்ட்டிங் போடும்போது. உங்கள் குழுவுக்கு அளவு பிடிக்காது என்றால் அந்த வழியில் போங்கள். கோணல் பிளாக்கை முப்பது வீட்டிலிருந்து தபாலில் வரவழைத்து நேர்க்கோட்டில் இணைக்கப் பார்க்காதீர்கள்.

கடைசி வேலை லேபிள். தைத்த எல்லோரின் பெயரும், வருடமும், பேட்டிங் வகையும், துவைக்கும் முறையும் அதில் இருக்கட்டும். நிறமி மை உள்ள பேனாவால் எழுதி, இஸ்திரிச் சூடு கொடுங்கள். 19-ஆம் நூற்றாண்டின் கையெழுத்து குயில்ட்டுகள் பலவற்றில் இரும்பு கலந்த மை துணியையே அரித்துவிட்டது. பெயர் இருந்த இடத்தில் இன்று எழுத்து வடிவில் ஓட்டைதான் மிச்சம். லேபிளைப் பைண்டிங் தைக்கும் முன்பே பின்புற மூலையில் வையுங்கள். இரண்டு பக்கம் பைண்டிங்குக்குள் மாட்டிக்கொள்ளும், மீதி இரண்டு பக்கம் கைத்தையல். அப்படி மாட்டிய லேபிளை, பைண்டிங்கைப் பிரிக்காமல் எடுக்க முடியாது.