டிரக் கேம்பரில் ஈரமும் குளிரும்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

சாரல்மழை (சியாட்டில்)

வாஷிங்டன் மாநிலத்தின் ஹோ மழைக்காட்டின் அருகே நவம்பரில் தங்கிய ஓர் இரவு இன்னும் உறுத்திக்கொண்டிருப்பதால் எழுதுகிறேன். எங்களுடையது டகோமா பிக்கப் டிரக்; பின்னால் சாமான் ஏற்றும் திறந்த தொட்டியின்மேல் டாப்பர் எனப்படும் கண்ணாடியிழை மூடியைப் பொருத்தி, அதனுள் படுத்துறங்குகிறோம். உள்ளமைப்பு உங்களில் பலர் செய்திருப்பதைப் போன்றதுதான். ஆண்டுக்கு ஏறத்தாழ 140 அங்குல மழை பெய்யும் இடம் என்பதால், டாப்பருக்கும் தொட்டியின் விளிம்புக்கும் இடையிலான ரப்பர் பட்டையைப் புதிதாக மாற்றி, ஜன்னல் சட்டங்களைச் சுற்றிப் பியூட்டைல் நாடாவும் ஒட்டியிருந்தோம்.

நள்ளிரவு கடந்த பிறகு என் கண்ணிமையின்மேல் குளிர்ந்த சொட்டு ஒன்று விழுந்தது. கூரை ஒழுகுகிறது என்று என் கணவர் டார்ச் விளக்கோடு மழையில் இறங்கி ஒவ்வொரு பொருத்தாகச் சோதித்துக்கொண்டிருக்க, நான் படுத்தபடியே கூரையைத் தடவினேன். ஏதோ ஒரு மூலையில் அல்ல, கைக்கு எட்டிய இடமெல்லாம் ஒரே சீராக வியர்த்திருந்தது. வெளியிலிருந்து ஒரு துளி நீரும் வரவில்லை. இருவரின் மூச்சும், கொக்கியில் தொங்கிய மழைக்கோட்டுகளும், படுக்கும்முன் கொதிக்கவைத்த ரசமும் சேர்ந்து அந்தச் சின்னக் கூட்டுக்குள் மழை பெய்வித்திருந்தன. அவர் நனைந்த உடையோடு உள்ளே ஏறியதும் அந்த ஈரமும் எங்களோடு சேர்ந்துகொண்டது.

வடதிசை (கல்கரி)

சாரல்மழை அக்காவுக்குச் சொட்டாக விழுந்தது எங்கள் ஊரில் முதலில் பனிக்கட்டியாக நிற்கும். கனனாஸ்கிஸ் பள்ளத்தாக்கில் வெளியே உறைநிலைக்குக் கீழே 28 பாகை செல்சியஸ். அலுமினியச் சட்டத்தின்மேல் ஓர் அங்குல ஃபோம் பலகை, அதன்மேல் மெல்லிய பிளைவுட், எல்லாவற்றையும் ஊடுருவிச் சட்டத்தில் பிடிக்கும் திருகாணிகள் என்று என் டாப்பரின் உட்புறம் அமைந்திருந்தது. ஹீட்டரை அணைத்துவிட்டு உறங்கி, விடியலில் விளக்கைப் போட்டபோது பலகை முழுவதும் உலர்ந்திருக்க, திருகாணித் தலைகள் மட்டும், பலகைக்கு யாரோ வெள்ளைப் பொத்தான்களை வரிசையாகத் தைத்துவைத்தது போல, உறைபனி மூடி நின்றன. வெளிக்குளிரை நேராக உள்ளே கடத்திவரும் உலோகப் பாலம் எங்கெங்கே இருக்கிறது என்பதை எந்தக் கருவியும் இல்லாமல் அன்று கண்ணால் பார்த்தேன்.

ஹீட்டரை மீண்டும் போட்ட சில நிமிடங்களில் அத்தனை பொத்தான்களும் ஒன்றாக உருகி உறக்கப்பையின்மேல் சொட்டின. இப்போது ஒவ்வொரு தலையின்மீதும் ஃபோம் வில்லை ஒட்டியிருக்கிறேன். அழகாக இல்லை, ஆனால் சொட்டுவதில்லை.

கணவாய்க்காரன் (டென்வர்)

என்னுடையது ஈரத்தைப் பற்றியதன்று. ஆனாலும் இங்கே சொல்லவேண்டியது. லெட்வில் கொலராடோ மலைகளில் 10,152 அடி உயரத்தில் இருக்கும் ஊர். நான் கொண்டுபோன சிறிய புரொப்பேன் வாயு ஹீட்டர் அங்கே எரியத் தொடங்கிச் சற்று நேரத்தில் தானே அணைந்துகொண்டே இருந்தது. ஆக்சிஜன் குறைந்தால் அணைத்துவிடும் பாதுகாப்பு அதில் உண்டு. 7,000 அடிக்கு மேல் அப்படி நேரலாம் என்று கையேட்டிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். ஆகவே அதை ஓரமாக வைத்துவிட்டு, கூரை விசிறியை வெளிநோக்கி மெதுவாகச் சுழலவிட்டு, கம்பளிக்குள் படுத்துவிட்டேன். உள்ளே எதுவும் எரியவில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகாலையில், புகையிலுள்ள மணமற்ற நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடைக் கண்டறியும் அலாரம் அலறியது. திரையில் 160 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 160 பங்கு) என்று கண்டேன். ஒன்றும் புரியாமல் தொட்டியின் பின்கதவான டெயில்கேட்டைத் திறந்து கீழே குதித்தபோதுதான், பக்கத்தில் இரவோடு இரவாக வந்து நின்ற வேறொரு டிரக், குளிருக்காக எஞ்சினை ஓடவிட்டபடி, புகைக்குழாயை என் டெயில்கேட்டுக்கு நேராக நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். என் விசிறி உட்காற்றை வெளியே தள்ளத் தள்ள, அந்த இழப்பை ஈடுசெய்யும் காற்று டெயில்கேட்டின் அடியிலிருந்த விரலளவு இடுக்கின் வழியாகப் புகையோடு நுழைந்திருக்கிறது. இந்த அலாரங்கள் 70 பிபிஎம் அளவில் ஒரு மணி முதல் நான்கு மணி நேரம் வரை பொறுத்த பிறகே ஒலிக்கும்படியும், 150 அளவில் பத்து முதல் ஐம்பது நிமிடத்துக்குள் ஒலிக்கும்படியும் வடிவமைக்கப்பட்டவை என்பதைப் பின்னர் படித்தபோதுதான், அது ஒலிப்பதற்கு முன்பே அந்தக் காற்றை நான் எவ்வளவு நேரம் சுவாசித்திருப்பேன் என்ற கணக்கு மனத்தில் ஓடியது. அந்த ஓட்டுநர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வண்டியைத் திருப்பி நிறுத்தினார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த இடுக்கின்மேல்தான் வந்தது.

தச்சன் (சாக்ரமென்டோ)

கிழக்குக் கலிபோர்னியாவின் 395ஆம் நெடுஞ்சாலையில் பிஷப் ஊருக்கு அப்பால், அருகில் தங்கியிருந்த ஒரு முதியவர் தம் மெத்தையைத் தூக்கிக் காட்டினார். மேற்புறம் புதிது போல இருந்தது. அடிப்புறம் முழுவதும் கரும்பூஞ்சை. பிளைவுட்டின்மேல் நேராகப் போட்டிருந்தார். பாலைநிலத்தில்கூட இது நடக்கிறது என்பதே என் அனுபவம், அவ்வளவுதான்.

ஆனால் மேலே எழுதியவர்கள் ஃபோமைப் பற்றியும் ரப்பர் பட்டையைப் பற்றியும் கவலைப்படுவதைப் பார்க்கும்போது சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். உடல் வெப்பத்தோடு வெளியேறும் ஈரம் மெத்தையை ஊடுருவிக் கீழே குளிர்ந்த பலகையைத் தொட்டதும் நீராகிறது. எனவே மெத்தைக்கு அடியில் காற்றோடும் சட்டங்களோ வலைப்பாயோ கட்டாயம் வேண்டும். வடதிசைத் தம்பி ஃபோம் பலகை போட்டது சரி, வெப்பத்தைத் தடுக்கும் திறனைக் குறிக்கும் ஆர்-மதிப்பு அங்குலத்துக்கு ஏறத்தாழ 5 கிடைக்கும். ஆனால் பலரும் வாங்கும் வெள்ளிநிறக் குமிழித்தாளைத் தகரத்தோடு ஒட்டி வைத்தால் பயன் மிகக் குறைவு, ஏனெனில் அது வெப்பக் கதிர்களைத் திருப்பியனுப்புவதற்கு அதன் முன்னே காற்றிடைவெளி வேண்டும். உறக்கப்பை வாங்கும்போது பெட்டியில் பெரிதாக அச்சிட்ட எண்ணைப் பார்க்காமல், ஐஎஸ்ஓ 23537 தரப்படி ‘கம்ஃபர்ட்’ என்று குறித்திருக்கும் வெப்பநிலையைப் பாருங்கள். ‘லிமிட்’ என்பது உடலைக் குறுக்கிக்கொண்டு எப்படியோ இரவைத் தாண்டுபவருக்கான அளவு. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது. உள்ளே உலோக லித்தியம் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். ஆகவே அதைத் தொட்டியின் மூலையில் அல்ல, நீங்கள் படுக்கும் வெப்பத்துக்குள் வையுங்கள்.

ஹீட்டரைப் பற்றிச் சொல்வதென்றால், எனக்கு அதில் நம்பிக்கையே இல்லை. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீர் பிறக்கிறது; திறந்த சுடரை உள்ளே வைப்பவர் ஈரத்தை விலைகொடுத்து வாங்குகிறார். நல்ல உறக்கப்பையும், இரண்டு பக்கமும் விரலகலம் திறந்த ஜன்னலும் இருந்தால் போதும். மற்றதெல்லாம் வீண் செலவு.

வடதிசை (கல்கரி)

தச்சன் அண்ணனுடைய கணக்கு திறந்த சுடருக்குத்தான் பொருந்தும். டீசல் காற்று ஹீட்டரில் எரிப்புக்கான காற்று வெளியிலிருந்து எடுக்கப்பட்டு, புகையும் எரிப்பில் பிறந்த நீராவியும் தனிக்குழாயில் வெளியேறிவிடுகின்றன. உள்ளே வருவது உலர்ந்த வெப்பம் மட்டும். இரண்டு கிலோவாட் கருவி மணிக்குக் கால் லிட்டருக்கு மேல் டீசல் கேட்பதில்லை. பற்றவைக்கும் சில நிமிடங்களுக்குத்தான் எட்டு, பத்து ஆம்பியர் இழுக்கும். அதன் பிறகு மிகச் சிறிதளவே. நாள் கணக்கில் மிகக் குறைந்த அளவில் ஓடவிட்டால் உள்ளே கரி படியும், ஆகவே அவ்வப்போது முழு வேகத்தில் ஓட்டவேண்டும். அணைக்கும்போது மின்சாரத்தைத் துண்டிக்காமல், விசிறி சுழன்று கருவி குளிரும்வரை காத்திருக்க வேண்டும். பீனிக்ஸில் நிரப்பிய டீசலைக் கொண்டுவந்து எங்கள் குளிரில் எரிக்க முயல்பவர்களுக்கு அது மெழுகாகி வடிகட்டியை அடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். உறைநிலைக்குக் கீழே முப்பது பாகையில் விரலகலத் திறப்போடு உறக்கப்பையை மட்டும் நம்பிப் படுக்கச் சொல்பவர் ஒரே ஒரு முறை இங்கே வந்து படுத்துக் காட்டட்டும்.

தச்சன் (சாக்ரமென்டோ)

படுத்திருக்கிறேன், தம்பி, நீங்கள் சொல்லும் குளிரில் அல்ல என்றாலும். முகம் மட்டும்தான் குளிர்ந்தது.

சாரல்மழை (சியாட்டில்)

நீங்கள் இருவரும் பாதிப் பாதி சொல்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் காட்டில் வெளிக்காற்றே ஐந்து பாகையில் ஈரம் ததும்பி நிற்கிறது. அதை அப்படியே ஜன்னல் வழியாக உள்ளே விட்டால் எதுவும் உலராது. ஆனால் அதே காற்றை உள்ளே பதினைந்து பாகைக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 50 விழுக்காடாகக் குறைந்து, கூரையிலும் கோட்டிலும் உள்ள நீரை உறிஞ்சிக்கொண்டு வெளியே போகிறது. திறப்பில்லாமல் வெப்பம் மட்டும் இருந்தால் எனக்கு விழுந்த அந்தச் சொட்டுதான் மிஞ்சும்; வெப்பமில்லாமல் திறப்பு மட்டும் இருந்தால், தச்சன் அண்ணா, எங்கள் ஊரில் மூன்றாம் நாள் உங்கள் உறக்கப்பையைப் பிழிந்து காயப்போட வேண்டியிருக்கும். வடதிசைத் தம்பிக்கு இதில் நல்வாய்ப்பு அதிகம்: அந்தக் கடுங்குளிர்க் காற்றில் நீர் மிகச் சிறிதளவே இருப்பதால், சற்றே உள்ளே விட்டுச் சூடாக்கினாலும் எல்லாம் உலர்ந்துவிடும்.

கணவாய்க்காரர் எழுதியதைப் படித்த பிறகுதான் எங்கள் டெயில்கேட்டைக் குனிந்து பார்த்தேன். டாப்பர் விற்பவர்கள் மேல்விளிம்பில் மட்டும் ரப்பர் வைத்து அனுப்புகிறார்கள். கீல் இருக்கும் அடிப்பகுதியிலும் இரு பக்கவாட்டிலும் வெளிச்சம் தெரிந்தது. அங்கெல்லாம் டெயில்கேட்டுக்கென்றே விற்கும் ரப்பர் பட்டையை ஒட்டியிருக்கிறோம். தொட்டியின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளை நிரந்தரமாக அடைக்காமல், கழற்றக்கூடிய அடைப்பான் போட்டிருக்கிறோம், ஏனெனில் உள்ளே நீர் சேர்ந்தால் அது போக வழி வேண்டும். விசிறி இழுக்கும் காற்று இனி நாங்கள் தேர்ந்தெடுத்த இடத்தில்தான் நுழையவேண்டும் என்பதற்காக, ஓட்டுநர் அறையை ஒட்டிய பக்க ஜன்னலை மட்டும், மழைத்தடுப்பு வைத்து, திறந்து வைக்கிறோம். எங்கள் வண்டியில் புகைக்குழாய் வலப்பக்கம் இருப்பதால், அந்த ஜன்னல் இடப்பக்கத்து ஜன்னலாக இருக்கும்படியும் பார்த்துக்கொண்டோம்.

கணவாய்க்காரன் (டென்வர்)

நல்ல ஏற்பாடு, அக்கா. ஆனாலும் பக்கத்தில் வந்து நிற்கும் வண்டியின் புகைக்குழாய் எந்தப் பக்கம் இருக்கும் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. அலாரத்தைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.