‘கம்’ சரியா, ‘கம்ஸ்’ சரியா? மஞ்சக்குப்பம் கோச்சிங் படத்துக்கு ஒரு மறுப்பு

கெடிலக்கரையான்:
மஞ்சக்குப்பத்துக் கோச்சிங் சென்டர்க்காரர் ஒருவர் ‘ஆங்கிலத்தில் நம்மவர்கள் செய்யும் தவறுகள்’ என்று ஒரு படம் போட்டிருக்கிறார். காலையிலிருந்து அதையே ஆளாளுக்கு எனக்கு அனுப்புகிறார்கள். ‘டிஸ்கஸ் அபௌட்’ தவறு, ‘அபௌட்’ வேண்டாம். சரி. ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’ தவறு, ‘ஃப்ரெண்ட்ஸ்’ வேண்டும். அதுவும் சரி. கடைசியில்தான் கூத்து. ‘ஹீ இஸ் ஒன் ஆஃப் தோஸ் பாய்ஸ் ஹூ கம் லேட்.’ இதில் ‘கம்’ தவறாம். ‘கம்ஸ்’ என்று திருத்தி, சிவப்பில் வட்டம் வேறு! ‘ஹூ’ என்பது ‘பாய்ஸ்’ஸைக் குறிக்கிறது. பாய்ஸ் பன்மை. பன்மைக்கு ‘கம்’. நன்றாக இருந்த வாக்கியத்தைக் கெடுத்துவிட்டு அதற்குத் திருத்தம் என்று பெயர். காசு கட்டிப் படிக்கிற பிள்ளைகள் பாவம்.

லாஸ்பேட்டை லெனின்:
படம் போட்டவர் என் நண்பர். அவரிடம் படித்து வேலைக்குப் போனவர்கள் நிறைய. விஷயத்துக்கு வருகிறேன். ‘ஹீ இஸ் ஒன்’ என்றுதானே ஆரம்பிக்கிறது? பேச்சு ஒரு பையனைப் பற்றி. லேட்டாக வருவது அவன். அவனுக்கு ‘கம்ஸ்’. இதில் மறுப்பு எழுத என்ன இருக்கிறது?

கெடிலக்கரையான்:
தம்பி, நண்பர் என்பதற்காக இலக்கணம் வளைந்து கொடுக்காது. அவன் ஒருவன்தான் லேட் என்றால் ‘தோஸ் பாய்ஸ்’ எதற்கு? லேட்டாக வருகிற கூட்டம் ஒன்று இருக்கிறது, இவன் அதில் ஒருத்தன். ‘ஹீ இஸ் தி ஒன்லி ஒன் ஆஃப் தோஸ் பாய்ஸ் ஹூ கம்ஸ் லேட்’ என்று எழுதுங்கள், ‘கம்ஸ்’ஸை நானே வரவேற்கிறேன். அங்கே மற்றவர்கள் நேரத்துக்கு வந்துவிடுகிறார்கள். உங்கள் நண்பர் படத்தில் அந்த ‘ஒன்லி’ எங்கே? ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு வாருங்கள்.

சில்வர்பீச் சித்ரா:
முதலில் தவறு என்று எதைச் சொல்கிறோம்? தேர்வில் மார்க் போவதையா, ஆங்கிலேயர்கள் யாருமே எழுதாததையா? மெரியம்-வெப்ஸ்டரைப் பார்த்தால் இந்த இடத்தில் ஒருமை, பன்மை இரண்டுமே வழக்கில் இருக்கின்றன என்றுதான் சொல்கிறது. அதை முடிவு செய்யாமல் என்ன சண்டை?

கெடிலக்கரையான்:
மேடம், அது அமெரிக்க அகராதி. ‘பாய்ஸ்’ அமெரிக்காவிலும் பன்மைதான்.

பண்ருட்டிப் பலா:
அண்ணே, மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வின் முதல் கட்டத்தில் ஆங்கிலம் 25 கேள்வி, 50 மார்க். தப்பாகத் தட்டினால் அரை மார்க் போகும். தப்பைக் கண்டுபிடிக்கும் எரர் ஸ்பாட்டிங்கில் இது வந்தால் எதைப் போடுவது? அதை மட்டும் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை லெனின்:
கம்ஸ்.

கெடிலக்கரையான்:
கம். போகிற அரை மார்க்கை லெனினிடம் வசூல் பண்ணிக்கொள்ளுங்கள்.

லாஸ்பேட்டை லெனின்:
எடுத்ததற்கெல்லாம் ரென் அண்ட் மார்ட்டின் என்று மிரட்டுவது பழைய வாத்தியார் வேலை. பாண்டிச்சேரிக்காரனிடம் இது எடுபடாது. எங்கள் ஊரில் தமிழ் பாடம் எடுக்கிறவர்கூட ஃப்ரெஞ்சில் நாலு வார்த்தை பேசுவார்.

கெடிலக்கரையான்:
‘தமிழ் பாடம்’ இல்லை, ‘தமிழ்ப் பாடம்’. ஒற்று எங்கே போயிற்று? ஆங்கிலத்தில் வேண்டாத இடத்தில் ஒரு ‘ஸ்’ சேர்க்கிறீர்கள், தமிழில் வேண்டிய இடத்தில் ஒரு ‘ப்’ விடுகிறீர்கள். கூட்டிக் கழித்தால் கணக்கு நேராகிவிடுகிறது.

அப்புறம் ஃப்ரெஞ்சுப் பெருமை. நீங்கள் இளக்காரம் செய்யும் அந்த ரென் பம்பாயில் கல்வித் துறையில் வேலை பார்த்தவர். பிறகு பேர் வாங்கியதே ஃப்ரெஞ்சு அந்நியப் படையை வைத்து எழுதிய நாவலால்தான். 1827-லிருந்து ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிற ஊர் உங்களுடையது. ஒரு நாள் உள்ளேயும் போய்ப் பார்க்கலாம்.

லாஸ்பேட்டை லெனின்:
கிளைவ் இருந்த கோட்டை தேவனாம்பட்டினத்தில் இடிந்து கிடக்கிறது என்பதற்காக ஆங்கிலம் கடலூருக்குப் பட்டா ஆகிவிட்டதா? ‘ஹீ இஸ் ஒன்.’ ஒன் என்றால் ஒன்று. எல்.கே.ஜி. பிள்ளைக்குத் தெரியும்.

முத்தியால்பேட்டை முரசு:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். ‘லேட்டாக வரும் பையன்களில் அவனும் ஒருவன்’ என்று தமிழில் சொல்கிறோம். அந்த ‘வரும்’ ஒருமையா, பன்மையா? வரும் பையன், வரும் பையன்கள். பெயரெச்சத்துக்கு எண் கிடையாது. அதனால் அந்த இடத்தில் நமக்குக் கவலையே இல்லை. ஆங்கிலத்தில் அங்கே முழு வினை வந்து உட்காருகிறது, எண்ணைக் காட்டியே ஆகவேண்டும். நம் பிள்ளைகள் தடுமாறுவது அங்கேதான். கோச்சிங்காரரைத் திட்டி என்ன ஆகப் போகிறது?

கெடிலக்கரையான்:
அருமை. ஆக, ‘ஹூ’ பாய்ஸைத்தான் குறிக்கிறது என்று முரசும் ஒப்புக்கொண்டுவிட்டார்.

முத்தியால்பேட்டை முரசு:
நான் எங்கே ஒப்புக்கொண்டேன்?

சில்வர்பீச் சித்ரா:
பன்மைதான் சரி என்று 1926-இலேயே, ஆங்கில வழக்குக்குக் கையேடு எழுதிய ஃபௌலர் அடித்துச் சொன்னார். அப்படிச் சொல்ல வேண்டி வந்தது என்றாலே, ஆங்கிலேயர்கள் ஒருமையில் எழுதிக்கொண்டிருந்தார்கள் என்றுதானே அர்த்தம்? நான் கேட்ட கேள்விக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

கெடிலக்கரையான்:
திருடன் இருப்பதால்தான் சட்டம் வருகிறது மேடம். அதற்காகத் திருட்டை வழக்கு என்று ஏற்றுக்கொள்வோமா? ஃபௌலர் பேரை எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி. ஃபௌலர், ரென், மார்ட்டின், நான். அந்தப் பக்கம் லெனினும் அவர் நண்பரும்.

பண்ருட்டிப் பலா:
‘ஃபர்னிச்சர்ஸ்’ தப்பு, ‘சீனியர் தேன் மீ’ தப்பு, ‘சீனியர் டு மீ’தான் சரி. இதிலாவது சண்டை இல்லையே?

கெடிலக்கரையான்:
இல்லை. இதெல்லாம் சில்லறை. ‘கம்’முக்கு வாருங்கள்.

லாஸ்பேட்டை லெனின்:
வருகிறேன். போன வருடம், தேதியை முன்னுக்குத் தள்ளுவதைச் சொல்லும் ‘பிரிபோன்’ என்று ஒரு வார்த்தையே கிடையாது என்று இதே சார் இதே வேகத்தில் சாதித்தார். ஆக்ஸ்போர்டு அகராதியில் இருக்கும் பக்கத்தையே படம் எடுத்துப் போட்டேன். மறுநாள் மொத்தப் பதிவும் காணோம். ஞாபகம் இருக்கிறதா சார்? நேரில் பேசுவோம், எங்கள் பாண்டிச்சேரி எல்லையில் இருக்கிற கன்னியக்கோயில் வரை வாருங்கள். உங்களுக்கும் கிட்ட, எனக்கும் கிட்ட.

கெடிலக்கரையான்:
கடலூரிலிருந்து கன்னியக்கோயிலுக்கு எதற்குக் கூட்டம் கூட்டமாகப் பஸ் ஏறுகிறார்கள் என்று ஊருக்கே தெரியும். அங்கே வந்து இலக்கணம் பேச நான் தயாரில்லை. பதிவை நீக்கியது நான் இல்லை, அட்மின். அதற்கும் ‘கம்’முக்கும் என்ன சம்பந்தம்?

லாஸ்பேட்டை லெனின்:
அந்த அட்மின் உங்கள் மச்சான்தானே?

கெடிலக்கரையான்:
மச்சான் இல்லை, சகலை. அதையும் தப்பாகத்தான் எழுதுவீர்களா?