பொண்ணு ஆப்பெரா சோப்ரானோ ஆகோணுங்கறா, பாட்டும் யுனிவர்சிட்டி டீச்சிங்கும் சேர்ந்த வாழ்க்கை எப்படிங்க?

கோபி_மஞ்சக்காடு:
எல்லாருக்கும் வணக்கமுங்க. நாங்க கோபிப் பக்கம், மஞ்சளும் வாழையும் வெச்சிருக்கோம். என்ற பொண்ணு ப்ளஸ் டூ, கோயமுத்தூர்ல பெரியம்மா ஊட்ல தங்கிப் படிக்கறா. அங்க சர்ச் கொயர்ல பாட ஆரம்பிச்சவள மாஸ்டர் கேட்டுட்டு இது சோப்ரானோ குரலு, பொம்பளைக் குரல்லயே ஒசந்த வகை, வீணாக்கிராதீங்கன்னு சொல்லி ட்ரினிட்டிங்கற மியூசிக் கிரேடு எக்ஸாமுக்கெல்லாம் தயார் பண்ணி விட்டாரு. இப்ப அம்மிணி இஞ்சினியரிங் வேண்டாம், வெளிநாட்டுல ஆப்பெரா, அதான் பாட்டாலயே நடத்தற மேற்கத்திய நாடகம், அதப் படிச்சு மேடைல பாடறேன், அப்பறம் யுனிவர்சிட்டில வாய்ஸ் சொல்லித் தர்றேன்னு ஒரே புடியா நிக்கறா. அவ பாடறதுன்னா எனக்கு உசுரு, ஆனா சோத்துக்கு என்ன வழின்னு தெரியோணுமல்லங்க. மேடை கெடைக்காதவங்கதான் வாத்தியார் வேலைக்குப் போவாங்கன்னு சொந்தத்துல சொல்றாங்க, நெசமா? சின்னதுல இருந்து கர்நாடக சங்கீதமும் கத்துக்கறா, அத உட்டுறோணுமா?

பீளமேடு_குரல்:
அண்ணா, நான் வெளிநாட்டுல வாய்ஸ் மாஸ்டர்ஸ் முடிச்சுட்டு இப்ப இங்க சொல்லிக் குடுக்கறனுங்க. சொந்தக்காரங்க சொல்றது சுத்தமா தப்பு. அமெரிக்கால இண்டியானா யுனிவர்சிட்டி எடுத்துக்குங்க, வர்ஜீனியா ஸேயானின்னு ருமேனியால பொறந்த சோப்ரானோ, லா ட்ராவியாட்டாங்கற ஆப்பெரால வர்ற வயோலெட்டாங்கற நாயகி வேஷம் மட்டும் 600 தடவைக்கு மேல பாடுனவங்க, 1957ல இத்தாலி மிலான்ல இருக்கற லா ஸ்கலாங்கற பெரிய ஆப்பெரா அரங்குல, புலாங்க்ங்கற ஃபிரெஞ்சு இசையமைப்பாளர் எழுதுன ஆப்பெரா மொதமொதலா மேடையேறுனப்ப அதுல நாயகியே அவங்கதான். அப்பேர்ப்பட்டவங்க 1980ல அங்க போயி பல வருசம் பாடம் எடுத்தாங்க. அதே எடத்துல அவங்களுக்கு முன்னாடியே கமில்லா வில்லியம்ஸ், 1946ல நியூயார்க் சிட்டி ஆப்பெராங்கற கம்பெனில மேடம் பட்டர்ஃபிளைங்கற ஆப்பெரால நாயகியா பாடுன கருப்பினப் பாடகி, 1977ல இருந்து வாய்ஸ் ப்ரொஃபசர். மேடைல நின்னதுனாலதான் அவங்க ரெண்டு பேரையும் கூப்புட்டாங்க. இப்பவும் பெரிய யுனிவர்சிட்டில வேலை வேணும்னா டாக்டரேட் கேப்பாங்க, இல்லாட்டி அதுக்கு ஈடா மேடை அனுபவம் கேப்பாங்க, நெறைய எடத்துல ரெண்டுமே.

வேலை என்னன்னா, ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் ஒரு மணி நேரம் போல தனியா பாடம், அதுபோக எல்லாரும் ஒருத்தர் முன்னாடி ஒருத்தர் பாடற ஸ்டுடியோ கிளாஸ், செமஸ்டர் கடைசில வாத்தியாருங்க எல்லாம் உக்காந்து கேட்டு மார்க் போடறது, மாணவர்கள் போடற ஆப்பெராவுக்குத் தயார் பண்றது. இத்தாலியன், ஜெர்மன், ஃபிரெஞ்சு உச்சரிப்பு வேற. உள்ள இருக்கற குரல்நாண கண்ணுல பாக்க முடியாது, காதுல கேட்டே தாடை இறுகுதா, நாக்கு பின்னால போகுதான்னு புடிக்கோணும். தானே பாடிப் பழகாத ஆளுக்கு அது கஷ்டமுங்க.

நம்மூரு ஆளு வேணும்னா பேட்ரீஷியா ரொஸாரியோ இருக்காங்க, மும்பைல பொறந்து லண்டன் போயி படிச்சவங்க. ஜான் டவெனர்ங்கற பிரிட்டிஷ் இசையமைப்பாளர் அவங்க குரலுக்குன்னே நெறைய எழுதுனாரு. ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்ல சொல்லிக் குடுத்தாங்க, இந்தியாவுக்கும் வந்து நம்ம பிள்ளைங்களத் தேடிப்புடிச்சு பயிற்சி குடுத்திருக்காங்க. பொண்ண அவங்க பாட்ட கேக்கச் சொல்லுங்க.

ஈரோடு_தம்புரா:
கர்நாடகத்த உடாதீங்க அண்ணா, சுருதியும் தாளமும் அப்படி உக்காந்த பிள்ளைக்கு அங்க பாதி வேலை முடிஞ்ச மாதிரி. ஆனா ரெண்டும் வேற வேற ஒடம்புப் பழக்கம்ங்கறது தெரிஞ்சுக்கோணும். அஞ்சு கட்டைல பாடற பொண்ணு மேல் ஸ்தாயி பஞ்சமம் தொட்டாவே பெருசு. சோப்ரானோ தொட வேண்டிய ஹை ஸீங்கற உச்ச சுரம் அவ நடு ஸ்தாயி ஸட்ஜத்துல இருந்து ரெண்டு ஸ்தாயி தாண்டி, அதுக்கும் மேல சுத்த மத்யமம். நெஞ்சுக் குரல்லயே, அதான் நாம பேசற கனத்த குரல்லயே, அத எட்ட முடியாது, இழுத்தா தொண்டை போயிரும், தலைக்குரல்ங்கற லேசான மேல் குரலத் தனியா வளக்கோணும். அதுவும் மைக் இல்லாம. தேறுன ஆப்பெரா குரல்ல 3000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பலம் கூடும், ஆர்கெஸ்ட்ரா சத்தம் அந்த எடத்துல கொறைவு, அதனாலதான் அத்தன வயலின தாண்டி கடைசி வரிசைக்கும் கேக்குது. சோப்ரானோவுக்கு உச்சத்துல கதையே வேற, சுருதி ஏற ஏற வாய அகலத் தொறந்து வாய்க்குள்ள அதிர்வ அந்த சுருதிக்கே கொண்டு வருவாங்க, அதான் மேல போனா வார்த்தை புரியாது.

லைப்சிக்_தமிழன்:
காசு விசயம் நான் சொல்றேன், ஊரு திருப்பூர், இருக்கறது ஜெர்மனில. இங்க அரசு காசுல நடக்கற ஆப்பெரா ஹவுஸ் சுமார் 80 இருக்கு, அதுல பல எடத்துல பாடகருங்கள வருச காண்ட்ராக்டுல மாசச் சம்பளத்துக்கு வெச்சுக்கறாங்க. அமெரிக்கா, இங்கிலாந்துல பெரும்பாலும் ஒவ்வொரு ஷோவுக்கும் தனித்தனி ஒப்பந்தம், சீக்குன்னு படுத்தா அன்னிக்கு காசு இல்ல, அதான் அங்க டீச்சிங் சம்பளத்த எல்லாரும் கையோட புடிச்சுக்கறாங்க. படிப்பும் இங்க பல மாநிலத்துல அரசு மியூசிக் யுனிவர்சிட்டில ஃபீஸ் இல்லாம முடிக்கலாம், பாடன்-வுர்ட்டம்பெர்க்ங்கற மாநிலத்துல நம்மள மாதிரி வெளிநாட்டு ஆளுங்களுக்கு செமஸ்டருக்கு 1500 யூரோ, வேற சில எடத்துலயும் ஃபீஸ் உண்டு. ஆனா நொழைவுத் தேர்வுல பாடிக் காட்டோணும், எடமோ கொஞ்சம், வர்றதோ உலகம் பூரா இருந்து. போட்டி கடுமைங்கறத மறைக்காம சொல்லிருங்க அவகிட்ட.

கோபி_மஞ்சக்காடு:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். இன்னொண்ணு, எந்த வயசுல பாட்டு காசாகும்?

பீளமேடு_குரல்:
நெட்டைத் தென்ன வெச்சுட்டு மூணாம் வருசம் காய் கேக்கக் கூடாதுல்லங்க, அதுதான். இருவதுகளோட கடைசில தான் இந்தக் குரலு முழுசா நிக்கும், வாக்னர்ங்கற ஜெர்மன் இசையமைப்பாளரோட கனமான வேஷமெல்லாம் முப்பதுக்கும் மேல. பதினேழு வயசுல பெரிய அரியாவ, அதான் ஆப்பெரால வர்ற தனிப்பாட்ட, பாட வெச்சு வீடியோ போடற வாத்தியாருகிட்ட மட்டும் உட்டுறாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன். இப்போதைக்கு இத்தாலியன் சின்னப் பாட்டுங்க, பியானோ, கோவை கோத்தே சென்ட்ரம்ல ஜெர்மன். ப்ளஸ் டூ முடிச்சதும் சென்னை கேஎம் கன்சர்வேட்டரில வெஸ்டர்ன் வோக்கல் பாத்துட்டு வாங்க, ரஹ்மான் சார் 2008ல ஆரம்பிச்சது, ஒரு ரெண்டு வருசம் அங்க தேறட்டும். அதுக்கு முன்னாடி ஒருக்கா பீளமேட்டுக்குக் கூட்டியாங்க, கேட்டுட்டு மனசுல பட்டத ஒளிவு மறைவில்லாம சொல்றேன். காசு வேண்டாமுங்க.