டூல்டிப் துடிக்கிறது, பட்டைகள் பாதியில் நின்றுவிடுகின்றன: டி3 தெரிந்தவர்கள் உதவ முடியுமா?

தறிநூல்

வணக்கம். டி3 (இணையப் பக்கத்தில் வரைபடம் வரைய உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) பதிப்பு 7-ல் ஒரு பட்டை வரைபடம் வரைந்திருக்கிறேன். 12 மாதங்கள், மாதத்துக்கு ஒரு பட்டை. மவுஸைக் கொண்டுபோனால் அந்தப் பட்டை மட்டும் ஆரஞ்சு நிறத்துக்கு மாற வேண்டும். பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியில் (டூல்டிப்) மாதத்தின் பெயரும் அளவும் வர வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு நாளாக இதிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

பிரச்சினைகள் இவை. பட்டையின் மேல் மவுஸை மெதுவாக நகர்த்தினால் டூல்டிப் வருவதும் போவதுமாகத் துடிக்கிறது. பக்கத்தைக் கீழே உருட்டிவிட்டுப் பார்த்தால் பெட்டி எங்கோ மேலே போய் நிற்கிறது. ஆனால் அப்போது மட்டும் துடிப்பதில்லை. பக்கம் திறந்தவுடன் பட்டைகள் கீழிருந்து எழும்பும்படி அனிமேஷன் வைத்திருக்கிறேன். அந்த நேரத்தில் மவுஸ் பட்டால் பட்டை பாதி உயரத்திலேயே நின்றுவிடுகிறது, அப்புறம் வளர்வதே இல்லை. கடைசியாக, ஒரு மாதத்தின் அளவு மிகக் குறைவு. அந்தப் பட்டை 3 பிக்சல் உயரம்தான் இருக்கும். அதை மவுஸால் பிடிப்பது பெரும்பாடு.

எழுதியிருப்பது இதுதான்: ஒவ்வொரு ரெக்டுக்கும் (பட்டையாக வரையும் செவ்வகம்) மவுஸ்ஓவர், மவுஸ்அவுட், அதாவது மவுஸ் நுழைவதும் வெளியேறுவதும். உள்ளே நுழைந்ததும் டூல்டிப் பெட்டியான டிவ்வை டிஸ்ப்ளே பிளாக் ஆக்கிக் காட்டி, ஈவென்டின் கிளையன்ட்எக்ஸ், கிளையன்ட்ஒய் மதிப்புகளை அப்படியே லெஃப்ட், டாப்புக்குக் கொடுக்கிறேன். டிவ்வின் பொசிஷன் அப்சல்யூட். நிறத்தை 150 மில்லிசெகண்ட் டிரான்சிஷனில் (படிப்படியான மாற்றம்) மாற்றுகிறேன். வெளியேறும்போது எல்லாவற்றையும் பழையபடி திருப்புகிறேன்.

கோட்டுச்சித்திரம்

உருட்டினால் துடிப்பு நின்றுவிடுகிறது என்று சொன்னீர்களே, அதுதான் நல்ல தடயம். அதைக் குறிப்பிட்டது பெரிய உதவி.

நீங்கள் பெட்டியைச் சரியாகக் கர்சர் இருக்கும் புள்ளியிலேயே வைக்கிறீர்கள். பெட்டி வந்ததும் கர்சர் இருப்பது பட்டையின் மேல் அல்ல, பெட்டியின் மேல். பிரவுசரைப் பொறுத்தவரை மவுஸ் பட்டையை விட்டு வெளியேறிவிட்டது. உடனே மவுஸ்அவுட், பெட்டி மறைகிறது. மறைந்ததும் கர்சருக்கு அடியில் மறுபடியும் பட்டை. மவுஸ்ஓவர், பெட்டி வருகிறது. இந்தச் சுழல்தான் துடிப்பு. உருட்டியபின் பெட்டி மேலே விலகிப்போவதால் கர்சருக்குக் குறுக்கே வருவதில்லை, அதனால் துடிப்பும் இல்லை.

டூல்டிப் டிவ்வின் சிஎஸ்எஸ்ஸில் (தோற்ற விதிகள்) பாயின்டர்-ஈவென்ட்ஸ்: நன் என்று ஒரு வரி சேருங்கள். பெட்டி இனி மவுஸின் கண்ணுக்குப் படாது. கூடவே கர்சரிலிருந்து 12 பிக்சல் தள்ளி வையுங்கள். துடிப்பை நிறுத்த இது தேவையில்லை, எழுத்தைக் கர்சர் மறைக்காமல் இருப்பதற்காக.

உருட்டும்போது இடம் மாறுவதற்குக் காரணம் வேறு. கிளையன்ட்எக்ஸ், கிளையன்ட்ஒய் இரண்டும் திரையில் தெரியும் பகுதியின் மூலையிலிருந்து அளக்கப்படுபவை. அப்சல்யூட் பெட்டியோ, பொசிஷன் கொடுக்கப்பட்ட அருகிலுள்ள மேல் எலிமென்டிலிருந்தும், அப்படி ஒன்றும் இல்லாவிட்டால் பக்கத்தின் தொடக்கத்திலிருந்தும் அளக்கப்படுவது. அளவுகோல்கள் இரண்டும் வேறு. பொசிஷனை ஃபிக்ஸ்ட் என்று மாற்றினால் இரண்டும் ஒத்துப்போகும். ஒன்றை மட்டும் பாருங்கள்: டிவ்வுக்கு மேலே இருக்கும் எந்த எலிமென்டிலாவது டிரான்ஸ்ஃபார்ம் இருந்தால், ஃபிக்ஸ்ட் அதை வைத்து அளக்கத் தொடங்கிவிடும். டூல்டிப் டிவ்வை நேராக பாடியின் கடைசியில் சேர்த்துவிட்டால் அந்தக் கவலையே இல்லை.

நிழல்வரி

பட்டை பாதியில் நிற்பதற்கு நான் பதில் சொல்கிறேன். இதே இடத்தில் நானும் நெடுநேரம் தவித்திருக்கிறேன்.

டி3-ல் ஒரு எலிமென்டில் ஒரு பெயருக்கு ஒரு டிரான்சிஷன்தான் ஓட முடியும். பெயர் எதுவும் கொடுக்காவிட்டால் எல்லாமே ஒரே பெயரில்லாக் கணக்கில் சேரும். பட்டை எழும்பும் டிரான்சிஷன் ஓடிக்கொண்டிருக்கும்போது நிறம் மாற்றும் டிரான்சிஷனைத் தொடங்கினால், புதியது பழையதை நிறுத்திவிடும். இரண்டும் வெவ்வேறு பண்புகளை மாற்றுகின்றன என்பதை டி3 பார்ப்பதில்லை. உயரம் எங்கே இருந்ததோ அங்கேயே நின்றுவிடும்.

டிரான்சிஷனுக்குள் 'ஹோவர்' என்று ஒரு பெயர் கொடுத்தால் இரண்டும் தனித்தனியாக ஓடும். ஆனால் என் கருத்து, ஹோவர் நிறத்துக்கு, அதாவது மவுஸ் மேலே இருக்கும்போது வரும் நிறத்துக்கு, டி3 டிரான்சிஷனே வேண்டாம். டி3-யின் கிளாஸ்ட் மூலம் 'ஆக்டிவ்' என்று ஒரு கிளாஸைப் போடுங்கள், எடுங்கள். நிறத்தையும் 150 மில்லிசெகண்டையும் சிஎஸ்எஸ் பார்த்துக்கொள்ளட்டும். மவுஸ் வேகமாக உள்ளே வெளியே போய்வந்தாலும் சிஎஸ்எஸ் நடுவிலிருந்தே அழகாகத் திரும்பும்.

அப்படி மாற்றும்போது ஒரு குழப்பம் வரலாம். டி3-யின் ஆட்டர் மூலம் எலிமென்டின் பண்பாகக் கொடுக்கும் ஃபில்லை (நிரப்பும் நிறம்) ஸ்டைல்ஷீட்டில் உள்ள எந்த விதியும் மிஞ்சிவிடும். ஸ்டைல் மூலம் கொடுத்தால் அது சாதாரண ஸ்டைல்ஷீட் விதியை மிஞ்சும். ஆகவே அடிப்படை நிறத்தை ஆட்டரில் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டைலில் வேண்டாம். இல்லாவிட்டால் கிளாஸ் போட்டும் நிறம் மாறவில்லையே என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

தறிநூல்

இருவருக்கும் மிக்க நன்றி. துடிப்பு போய்விட்டது, பட்டைகளும் முழுசாக எழும்புகின்றன.

இன்னொன்றும் முயன்றேன். ஒன்றை ஆரஞ்சாக்குவதைவிட மற்ற பதினொன்றையும் மங்கலாக்கினால் கண்ணுக்கு நன்றாக இருக்கிறது. பட்டைகளைத் தொகுத்து வைத்திருக்கும் ஜி எலிமென்டுக்கு ஹோவர் விதி எழுதி எல்லாவற்றையும் 0.3 ஒபாசிட்டிக்குக் குறைத்து, மவுஸ் படும் பட்டையை மட்டும் 1 ஆக்கினேன். அருமையாக இருந்தது. ஆனால் ஒரு பட்டையிலிருந்து அடுத்ததுக்குப் போகும்போது இடையில் ஒரு மின்னல்போல எல்லாப் பட்டைகளும் ஒளிர்ந்துவிட்டு மங்குகின்றன. 3 பிக்சல் பட்டையும் இன்னும் அப்படியே இருக்கிறது.

கோட்டுச்சித்திரம்

இரண்டுக்கும் ஒரே மருந்துதான். கண்ணுக்குத் தெரியும் வடிவமும் மவுஸைப் பிடிக்கும் பரப்பும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிரித்துவிடுங்கள்.

பட்டைகள் வரையப்படும் எஸ்விஜியில் ஜி என்பதற்குச் சொந்தப் பரப்பு கிடையாது. உள்ளே வரையப்பட்ட வடிவங்கள்தான் அதன் பரப்பு. பட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் கர்சர் இருக்கும்போது ஜி-யின் மேல் யாரும் இல்லை என்றே அர்த்தம். அந்த மின்னல் அதனால்தான்.

செய்ய வேண்டியது: பட்டைகளை வரைந்து முடித்தபின், மாதத்துக்கு ஒன்றாக இன்னும் 12 ரெக்டுகளை அவற்றின் மேல் போடுங்கள். உயரம் வரைபடத்தின் முழு உயரம். அகலம் ஸ்கேல்பேண்டின் (மாதங்களுக்கு இடம் பிரித்துக்கொடுக்கும் டி3 அளவுகோல்) பேண்ட்விட்த் (பட்டையின் அகலம்) அல்ல, ஸ்டெப் (பட்டையும் இடைவெளியும் சேர்ந்தது). தொடக்கம், பட்டையின் எக்ஸிலிருந்து ஸ்டெப்புக்கும் பேண்ட்விட்த்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியைக் கழித்தது. இப்படிச் செய்தால் 12 பரப்புகளும் ஒட்டிக்கொண்டு நிற்கும், நடுவே ஓட்டை இருக்காது. 3 பிக்சல் பட்டை உள்ள மாதத்துக்கும் மற்ற மாதங்களுக்கு உள்ள அதே பரப்பு கிடைக்கும்.

இந்த ரெக்டுகளுக்கு ஃபில் நன் என்று கொடுக்காதீர்கள். நிரப்பாத வடிவத்தின் உட்பகுதி மவுஸை விட்டுவிடும். ஃபில் டிரான்ஸ்பரன்ட் என்றால் பிடிக்கும். நன்தான் வேண்டும் என்றால் பாயின்டர்-ஈவென்ட்ஸ்: ஆல் சேர்க்க வேண்டும். எஸ்விஜியில் எது மேலே என்பதை வரையும் வரிசைதான் முடிவு செய்கிறது, ஆகவே இவை கடைசியில் வர வேண்டும்.

பிடிப்பது இனி மேலுள்ள ரெக்ட் என்பதால் பட்டையின் சொந்த ஹோவர் விதி வேலை செய்யாது. எந்த மாதம் என்று பார்த்து, பட்டைகளுக்கு நீங்களே கிளாஸ் போட வேண்டும். இங்கேதான் பழைய பாடங்கள் பலரைக் கவிழ்க்கின்றன. ஆகஸ்ட் 2020-ல் வந்த பதிப்பு 6 முதல் ஈவென்ட் ஃபங்ஷனுக்கு முதலில் வருவது ஈவென்ட், அடுத்து டேட்டா. வரிசை எண் வருவதே இல்லை. டி3.ஈவென்ட் போய்விட்டது, டி3.மவுஸின் இடத்தில் டி3.பாயின்டர் வந்துவிட்டது. பழைய பாடத்தைப் பார்த்து எழுதினால் பெட்டிக்குள் 'அன்டிஃபைன்ட்' என்று வரும். ஆகவே எண்ணை நம்பாமல் மாதத்தின் பெயரையே ஒப்பிடுங்கள்.

நிழல்வரி

முந்தைய பதிலோடு முழுக்க உடன்படுகிறேன், ஃபோனைப் பற்றி மட்டும் ஒன்று சேர்க்கிறேன். விரலால் வரைபடத்தின் மேல் இழுத்துக்கொண்டே எல்லா மாதங்களையும் பார்க்க வேண்டும் என்று நினைத்தால் 12 ரெக்டுகள் சிக்கல் தரும். விரல் முதலில் எந்த எலிமென்டில் பட்டதோ, அதன்பின் வரும் பாயின்டர் ஈவென்டுகளை பிரவுசர் அந்த எலிமென்டுக்கே கொடுக்கும். அடுத்த ரெக்டுக்குள் விரல் போனாலும் அதற்குத் தெரியாது.

முழு வரைபடத்தையும் மூடும் ஒரே ரெக்ட் போடுங்கள். அதில் பாயின்டர்டவுன், பாயின்டர்மூவ் இரண்டையும் ஒரே ஃபங்ஷனுக்கு இணையுங்கள். டி3.பாயின்டர் தரும் எக்ஸை ஸ்டெப்பால் வகுத்து முழு எண்ணாக்கினால் எத்தனையாவது மாதம் என்று கிடைத்துவிடும். ஸ்கேல்பேண்டுக்கு இன்வெர்ட் (இடத்திலிருந்து மதிப்பைத் திருப்பித் தருவது) இல்லாததால் இந்த வகுத்தலை நாமே செய்ய வேண்டும். இடது ஓரத்தில் பேடிங் இருந்தால் முதலில் அதைக் கழித்துவிட்டு வகுங்கள், விடையையும் 0-க்கும் 11-க்கும் இடையில் கட்டுப்படுத்துங்கள். டச்-ஆக்‌ஷன்: பான்-ஒய் போட்டால் மேலும் கீழும் இழுத்தால் பக்கம் உருளும், பக்கவாட்டில் இழுப்பது உங்களுக்கு வரும்.

பின்னால் கோட்டு வரைபடம் வரைந்தாலும் இதே வழிதான். 2 பிக்சல் கோட்டை மவுஸால் பிடிக்கச் சொல்லி யாரையும் வதைக்க வேண்டாம். மேலே ஒரு ரெக்ட், உள்ளே டி3.பைசெக்டர் கொண்டு அருகிலுள்ள புள்ளி.

பார்வைக்கோணம்

நல்ல பதில்கள். ஆனால் பாயின்டர்-ஈவென்ட்ஸ்: நன் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள் என்று வேண்டிக்கேட்கிறேன். திரையைப் பல மடங்கு பெரிதாக்கிப் படிப்பவர்களோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பெட்டியின் பாதி திரைக்கு வெளியே இருக்கும். மீதியைப் படிக்க மவுஸை அந்தப் பக்கம் நகர்த்துவார்கள், உடனே அடுத்த மாதத்தின் பெட்டி வந்துவிடும். முதலில் கேட்டதை அவர்கள் படித்து முடிக்கவே முடியாது.

2018-ல் வந்த டபிள்யூசிஏஜி 2.1-ல் (எல்லோரும் பயன்படுத்தக்கூடிய இணையப் பக்கங்களுக்கான வழிகாட்டுதல்) 1.4.13 என்ற விதி இதற்காகவே இருக்கிறது. மவுஸையோ ஃபோகஸையோ நகர்த்தாமலே பெட்டியை மூட முடிய வேண்டும், பெட்டியின் மேல் மவுஸ் போனாலும் அது மறையக் கூடாது, பயனர் தானாக விலகும்வரை அது நிலைத்திருக்க வேண்டும். உங்கள் பெட்டி பக்கத்து மாதத்தின் மேல் நீண்டிருந்தால் இரண்டாவது நிபந்தனை உடைகிறது.

நான் செய்வது இது. கர்சரைத் துரத்தும் பெட்டியை விட்டுவிட்டு, வரைபடத்தின் மேல் ஒரு நிலையான வரியில் மாதத்தையும் அளவையும் காட்டுவேன். மவுஸ் வெளியேறினாலும் கடைசி விவரம் அங்கேயே இருக்கும். எஸ்கேப் அழுத்தினால் போகும். பெட்டிதான் வேண்டும் என்றால், கிளிக் செய்தால் அது அந்த மாதத்திலேயே நிற்கும்படி வையுங்கள். பட்டைகளை டேப் விசையால் அடையும்படி டேப்இன்டெக்ஸ் 0 கொடுத்து, ஃபோகஸ் வரும்போதும் அதே ஃபங்ஷனை அழையுங்கள். விசைப்பலகை மட்டும் பயன்படுத்துபவருக்கு ஹோவர் என்ற ஒன்றே இல்லை. எண்கள் முக்கியம் என்றால் கீழே ஒரு அட்டவணையும் வேண்டும்.

தறிநூல்

விசைப்பலகையை நான் யோசிக்கவே இல்லை, சொன்னதற்கு நன்றி. ஒரே ரெக்ட் முறைக்கு மாறிவிட்டேன். கிளிக் செய்தால் பெட்டி நிற்கிறது, எஸ்கேப் மூடுகிறது, டேப் அழுத்தினால் மாதம் மாதமாகப் போகிறது. மீதி ஒன்றே ஒன்று: டிசம்பருக்குப் போனால் பெட்டி வலது ஓரத்தில் வெட்டுப்படுகிறது. அகலத்தை அளந்து இடப்பக்கம் திருப்பப் பார்த்தேன், அகலம் எப்போதும் 0 என்றே வருகிறது.

நிழல்வரி

டிஸ்ப்ளே நன் நிலையில் அளக்கிறீர்கள். அப்போது பெட்டிக்கு அளவே கிடையாது. மறைப்பதற்கு விசிபிலிட்டி ஹிடன் பயன்படுத்துங்கள். இடமும் அளவும் இருக்கும், கண்ணுக்கு மட்டும் தெரியாது. முதலில் உள்ளே எழுத்தைப் போடுங்கள், அப்புறம் கெட்பவுண்டிங்கிளையன்ட்ரெக்ட் கொண்டு அளவெடுங்கள், கர்சரின் எக்ஸோடு அகலத்தையும் 12-ஐயும் கூட்டினால் வின்டோவின் இன்னர்விட்த்தைத் தாண்டுகிறதா என்று பார்த்து இடப்பக்கம் வையுங்கள், கடைசியில் காட்டுங்கள். எழுத்தைப் போடும்போது எச்டிஎம்எல் வேண்டாம், டெக்ஸ்ட் பயன்படுத்துங்கள். டேட்டா வெளியிலிருந்து வருவதாக இருந்தால், அதற்குள் யாராவது ஸ்கிரிப்ட் ஒளித்துவைத்திருந்தாலும் அது வெறும் எழுத்தாகவே நிற்கும்.

தறிநூல்

வந்துவிட்டது. பெட்டி டிஸ்ப்ளே நன் ஆக இருக்கும்போதே அளவெடுத்துக்கொண்டிருந்தேன், அதை மாற்றிவிட்டேன். டிசம்பர் பெட்டி இடப்பக்கம் திரும்பி நிற்கிறது, 3 பிக்சல் மாதமும் முதல் முயற்சியிலேயே பிடிபடுகிறது. மூவருக்கும் மனமார்ந்த நன்றி.